தாத்தா விட்டுப்போன சாவி பொம்மை: ஓட வைப்பதா, பெயின்ட் அடிப்பதா, விற்பதா?

வீடு மாறும்போதோ பாகப்பிரிவினையின்போதோதான் இவை வெளியே வரும். பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியில், பழைய வேட்டியில் சுற்றிய ஒரு தகர ரயில் இஞ்சின், சாவி கொடுத்தால் மேளம் அடிக்கும் குரங்கு, அல்லது உள்ளங்கை அளவுக் கார். தாத்தா ரங்கூனிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கொண்டுவந்தார் என்ற கதையும் கூடவே வரும். அடுத்த அரை மணி நேரத்தில் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. சித்தப்பா ரிப்பேர் பண்ணி ஓட விடலாம் என்பார். அத்தை புதுசா பெயின்ட் அடித்தால் பளிச்சென்று இருக்கும் என்பார். ஒரு மருமகன் கைபேசியில் விலை தேட ஆரம்பித்திருப்பார். பாட்டி எதுவும் பேசாமல் அதை எடுத்துக் கொள்ளுப்பேரன் கையில் கொடுத்துவிடுவார்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் இயந்திரத்தைச் சரி செய்யலாம், வெளித்தோலைத் தொடக்கூடாது. விற்பதும் குழந்தையிடம் கொடுப்பதும் எந்தப் பொம்மை என்பதைப் பொறுத்தது. அதனால் முதல் வேலை, அதைத் தலைகீழாகத் திருப்பி அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது.

'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' என்று இருந்தால், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படைகள் ஜப்பானில் இருந்தபோது, 1947-க்கும் 1952-க்கும் இடையில் ஏற்றுமதியான சரக்கு. 'டி.ஆர்.ஜி.எம்.' என்ற எழுத்துகள் ஜெர்மனியில் வடிவமைப்பைப் பதிவு செய்ததைக் குறிக்கும். அந்தப் பதிவு முறை 1891-ல் தொடங்கியது. அந்த எழுத்து இருந்தால் வடிவமைப்பு பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது. 'யு.எஸ். ஜோன் ஜெர்மனி' என்றால் ஜெர்மனியில் அமெரிக்கப் படைகள் வசமிருந்த பகுதியில் செய்தது, போர் முடிந்த கையோடு வந்த சில வருடங்கள். தாத்தா 1938-ல் ரங்கூனில் வாங்கினார் என்று கதை சொல்லி, அடியில் 'ஆக்குபைட் ஜப்பான்' என்று இருந்தால் எழுத்தைத்தான் நம்ப வேண்டும். தாத்தா பொய் சொல்லியிருக்க மாட்டார்; அவர் வாங்கியது வேறு பொம்மையாக இருந்திருக்கும்.

அப்புறம், எதனால் செய்தது என்று பார்க்க வேண்டும். அச்சடித்த தகரமா, பெயின்ட் அடித்த தகரமா, துத்தநாகக் கலவையில் வார்த்ததா, செல்லுலாய்டு என்ற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கா? முடிவு பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

பெயின்ட் அடிப்பதை ஏன் எதிர்க்கிறேன்

இந்தப் பொம்மைகளில் பெரும்பாலானவை அச்சடித்த தகரம். கல்லச்சு முறையில் கல்லிலிருந்து நேராகத் தகரத்தில் அச்சடிப்பது சிரமம், இரண்டுமே கடினமானவை. இடையில் ஓர் உருளையை வைத்து, மையை அதற்கு மாற்றி, அதிலிருந்து தகட்டுக்கு மாற்றும் முறைக்கு 1875-ல் இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்ளே காப்புரிமை பெற்றார். பிஸ்கட் டின்களும் பொம்மைகளும் வண்ணவண்ணமாக மலிந்தது அதன் பிறகு. கவனிக்க வேண்டிய விஷயம், தகடு தட்டையாக இருக்கும்போதே அச்சடித்துவிடுவார்கள். ஓட்டுநரின் முகம், சன்னலில் தெரியும் பயணிகள், சக்கரத்தின் ஆரங்கள் எல்லாம் முதலில் அச்சாகும். அதற்குப் பிறகுதான் பிரஸ் இயந்திரத்தில் அழுத்தி, வளைத்து, தகர நாக்குகளைத் துளையில் செருகி மடக்குவார்கள்.

ஆகவே அந்த அச்சு போனால் போனதுதான். முழுசாக உருவான பொம்மையின் மேல் மறுபடி அச்சடிக்க வழி கிடையாது. தூரிகையால் வரையலாம், ஆனால் அப்போது அது ஊர்ப் பெயின்டர் வரைந்த பொம்மை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் அப்படியல்ல. அவற்றைக் கழற்றலாம், கழுவலாம், மாற்றலாம், பிடிக்காவிட்டால் பழையதையே திரும்பப் போடலாம். வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. சேகரிப்பவர்களும் விலை பேசும்போது முதலில் பார்ப்பது தோலைத்தான். ஓடாத பொம்மை நல்ல அச்சோடு இருந்தால் வாங்குவார்கள். ஓடுகிற பொம்மை எனாமல் பூச்சோடு இருந்தால் தள்ளி வைத்துவிடுவார்கள்.

நம் வீடுகளில் பெயின்டைவிடப் பெரிய ஆபத்து பாத்திரம் தேய்க்கும் கை. பித்தளை விளக்குக்குப் புளி போடுகிற பழக்கத்தில் தகரப் பொம்மைக்கும் போட்டுவிடுவார்கள். புளியின் அமிலம் மேலே இருக்கும் வெள்ளீயப் பூச்சை அரிக்கும், சக்கையும் உப்பும் அச்சை உரசும். பாத்திரப் பவுடர், பித்தளை பாலிஷ், தின்னர், ஸ்பிரிட் எதுவும் கூடாது. பிழிந்து எடுத்த பருத்தித் துணியால் ஒற்றி, உடனே உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். அதற்குப் போகாத அழுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. எல்லாத் தகரமும் அச்சடித்தது அல்ல. லிவர்பூல் பின்ஸ் சாலையிலிருந்த மெக்கானோ ஆலை 1920-ல் விற்க ஆரம்பித்த ஹார்ன்பி சாவி ரயில்கள் தொடக்கத்தில், துளை போட்ட உலோகப் பட்டைகளைப் பூட்டி விளையாடும் அந்த ஆலையின் மெக்கானோ செட் போலவே, திருகாணி போட்டுப் பூட்டியவை. உடல் எனாமல் பூச்சு. அப்படிப்பட்ட இஞ்சினின் பெயின்ட் முழுக்கப் போய், துரு தகட்டைத் தின்று கொண்டிருந்தால் துருவை நிறுத்திப் பூச்சு கொடுப்பதில் தப்பில்லை. அப்போது காப்பாற்ற வேண்டியது பெயின்ட் அல்ல, தகடு. பாதிப் பூச்சு இருந்தாலும் நான் கை வைக்க மாட்டேன்.

பெரியப்பா யாராவது ஐம்பது வருடத்துக்கு முன்பு கொலுவுக்காக வீட்டுப் பெயின்டைப் பூசியிருந்தால்? அதையும் விட்டுவிடுங்கள். மேல் பூச்சை எடுக்கிற ரசாயனம் கீழ் அச்சையும் சேர்த்து எடுத்துவிடும்.

இயந்திரம்: பெரும்பாலும் எண்ணெய்தான் வில்லன்

ஓடவில்லை என்றால் முதலில் சாவியை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். எந்த எதிர்ப்பும் இல்லாமல் கறகறவென்று சுற்றிக்கொண்டே போனால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது அல்லது கொக்கியிலிருந்து கழன்றிருக்கிறது. அசையவே இல்லை என்றால் ஸ்பிரிங் முழுதாக இறுகி நிற்கிறது, சக்கரங்கள்தான் சிக்கியிருக்கின்றன. இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் "ஓவரா சாவி கொடுத்துட்டாங்க, போச்சு" என்பார்கள். அதிகமாகச் சாவி கொடுத்ததால் மட்டும் இப்படி நிற்பதில்லை. பழைய எண்ணெய் பிசினாகிச் சக்கரத் தண்டுகளைப் பிடித்திருக்கிறது. அதற்கு மேல் யாரோ வலுவாகத் திருகுவதால்தான் ஏதாவது உடைகிறது.

அந்த எண்ணெய் நம் வீடுகளில் பல சமயம் தேங்காய் எண்ணெய். கதவுக் கீலுக்கு, பூட்டுக்கு, சைக்கிளுக்கு என்று எல்லாவற்றுக்கும் அதையே விட்ட கை இதற்கும் விட்டிருக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். மார்கழியில் பொம்மை நின்று சித்திரையில் ஓடுவதை "மூட் இருந்தா ஓடும்" என்று சொல்லியிருப்பார்கள். வருடக்கணக்கில் தூசியோடு சேர்ந்து அது பசையாகவே மாறிவிடுகிறது.

தீர்வு எளிது. சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலை ஊசி போடும் சிரிஞ்சில் எடுத்து, தண்டு முனைகளில் மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டு, சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அச்சடித்த பகுதியில் படக்கூடாது. அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கவே கூடாது. பசை கரைந்து வெளியே வந்து, நன்றாக உலர்ந்த பிறகு, கடிகார எண்ணெயை ஊசி முனையில் தொட்டுத் தண்டு சுழலும் துளைகளில் மட்டும் வைக்க வேண்டும். பல்சக்கரத்தின் பற்களுக்கு எண்ணெய் தேவையில்லை. அங்கே வைத்தால் தூசிதான் சேரும். கடிகார எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மிஷின் எண்ணெய், ஒரு துளியில் பாதி.

ஸ்பிரிங் உடைந்திருந்தால் கடைக்குப் போக வேண்டியதுதான். பொம்மை ரிப்பேர் கடை என்று ஒன்று நம் ஊரில் கிடையாது. சுவர்க் கடிகாரம் பார்க்கிற பெரியவர்கள் இன்னும் சில தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பழகிய வேலை. ஸ்பிரிங் பல சமயம் கொக்கி முனையில்தான் ஒடியும். அந்த முனையை மட்டும் பழுக்கக் காய்ச்சி, இளக வைத்து, புதுத் துளை போட்டு மாட்டிவிடலாம். ஒரு சுற்று குறையும், ஓடும் தூரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சாவி தொலைந்திருந்தால் பழைய சுவர்க் கடிகாரச் சாவிகளில் ஒன்று பொருந்துகிறதா என்று அவரிடமே பார்க்கலாம். ஒப்படைக்கும்போது மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: பாலிஷ் போட வேண்டாம், ஈயப்பற்று வைக்க வேண்டாம், மாற்றிய பழைய பாகத்தைத் தூக்கிப் போடாமல் திருப்பித் தர வேண்டும். "புதுசு மாதிரி ஆக்கித் தரேன்" என்று அவர் உற்சாகமானால் பொம்மையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

இந்த வழியிலும் ஒரு விலை இருக்கிறது. இயந்திரத்தை வெளியே எடுக்கத் தகர நாக்குகளை நிமிர்த்த வேண்டும். ஒவ்வொரு தடவை வளைக்கும்போதும் தகரம் இறுகி, பிறகு ஒடிந்துவிடும். எனவே அடிக்கடி திறக்கிற வேலை இல்லை. திறக்காமலே பெட்ரோல் சொட்டு விட்டுச் சரியானால் அதுவே உத்தமம். திறந்தே ஆக வேண்டும் என்றால் எல்லா வேலையையும் ஒரே தடவையில் முடித்து மூடிவிட வேண்டும். ஸ்பிரிங்கில் விசை இருக்கும்போது திறக்கக் கூடாது. தகடு போன்ற ஸ்பிரிங் விரலை வெட்டிவிடும்.

ஓட வைக்கக்கூடாதவை

துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்கள் வேறு கதை. 1930-களில் வார்த்த பல சக்கரங்களிலும் கார் உடல்களிலும், கலவையில் ஈயம் கலந்துவிட்டதால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, வெடித்து, கடைசியில் தூளாகிறது. போருக்கு முந்தைய ஹார்ன்பி ரயில் சக்கரங்களிலும் டிங்கி என்ற குட்டி வார்ப்புக் கார்களிலும் இதைப் பார்க்கலாம். இதற்கு மருந்து இல்லை. சக்கரத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் ஓட விட வேண்டாம். ஹார்ன்பிக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. அந்த ரயில்களுக்கென்று பிரிட்டனில் 1969-லிருந்து சேகரிப்போர் சங்கமே இருக்கிறது. புதிதாக வார்த்த மாற்றுச் சக்கரங்களும் விற்பனைக்கு வருகின்றன.

செல்லுலாய்டு தலையோ உடம்போ உள்ள ஜப்பானியப் பொம்மைகளுக்கு நான் 'அப்படியே வைப்பது' என்ற கட்சிக்கு மாறிவிடுகிறேன். செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும். மேலே சொன்ன பெட்ரோல் வைத்தியம் இதற்கு ஆகாது. கெட்டுப்போகும்போது அது விடும் அமில ஆவி பக்கத்தில் இருக்கும் தகரப் பொம்மையையும் துருப்பிடிக்க வைக்கும். எனவே தனியாக, காற்று போகும் அட்டைப்பெட்டியில் இருக்கட்டும். குத்துவிளக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

குழந்தை கையில் கொடுக்கலாமா

பாட்டியின் யோசனையில் ஒரு நியாயம் இருக்கிறது: பொம்மை விளையாடுவதற்குத்தானே. ஆனால் அந்தக் காலத்துப் பெயின்டிலும் மையிலும் ஈயம் சாதாரணமாக இருந்தது. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு இதைக் கொடுக்கவே கூடாது. தகர ஓரமும் கையைக் கிழிக்கும். இந்தியாவில் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயமானதே 2021 ஜனவரியிலிருந்துதான். தாத்தாவின் குரங்கு எந்தச் சோதனையையும் பார்த்தது கிடையாது.

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, மேஜை மேல் ஓட விட்டு, பிறகு கை கழுவச் சொல்லலாம். அந்த வயதில் அது பார்க்க வேண்டிய வித்தையும்கூட. நியூரம்பர்க்கில் 1912-ல் தொடங்கிய ஷூகோ கம்பெனி 1930-களில் செய்த ஒரு கார், மேஜை விளிம்புக்கு வந்ததும் விழாமல் திரும்பிவிடும். அடியில் குறுக்காக ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். சாதாரணமாக அது தரையைத் தொடாது. முன்சக்கரம் விளிம்பைத் தாண்டி இறங்கியதும் அது மேஜையில் பதிந்து காரைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். பேட்டரியும் சிப்பும் இல்லாமல் இதை எப்படிச் செய்தார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால் காரைத் திருப்பிக் காட்டினாலே போதும். அதே கம்பெனியின் எக்ஸாமிகோ காரில் ஸ்டியரிங்கும் கியரும் வேலை செய்யும், 1936-ல் வந்தது. ஷூகோ பிற்காலத்தில் தன் பழைய மாடல்களை மறுபடி தயாரித்திருக்கிறது. பிள்ளை விளையாடியே தீர வேண்டும் என்றால் அப்படி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடலாம்.

எனக்குப் பிடித்த நடுவழி கொலு. கொலு வைக்கும் வீடுகளில் படிக்குக் கீழே பார்க், குளம், ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் எப்படியும் வரும். ஹார்ன்பியின் சிறிய வளைவுத் தண்டவாளத்துக்கு வட்டத்தின் ஆரம் ஒரு அடிதான்; இரண்டரை அடிச் சதுர இடம் போதும். ஒன்பது நாள் சாயங்காலம் ஓரிரு சுற்று ஓடினால் இயந்திரத்துக்கும் நல்லது, எண்ணெய் இறுகாது. முடிந்ததும் சாவியின் விசையை முழுக்க ஓட விட்டுத் தீர்த்த பிறகே பெட்டிக்குள் வைக்க வேண்டும். துவைத்த வெள்ளை வேட்டியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கலாம். பிளாஸ்டிக் கவர் சென்னை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். துணி உடுத்திய ஷூகோ குரங்குக்கு அந்துப்பூச்சி வரும் என்று அந்துருண்டை போட்டுவிடாதீர்கள், அதன் ஆவி பூச்சையும் பிளாஸ்டிக்கையும் இளக்கும். வருடத்துக்கு இரண்டு தடவை வெளியே எடுத்து உதறுவதே போதும்.

விற்பதென்றால்

யாருக்கும் அக்கறை இல்லாத வீட்டில் துருப்பிடிப்பதைவிட, ஆசைப்பட்டு வாங்குகிறவர் வீட்டில் இருப்பது மேல். விற்பதை நான் குறைத்துப் பேச மாட்டேன். எங்கே விற்பது என்பதில்தான் ஏமாற்றம் வருகிறது.

சென்னையில் 1985 தீ விபத்துவரை மூர் மார்க்கெட் இருந்தது. இன்று பழம்பொருள் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு, கொச்சி யூதத் தெரு, மும்பை சோர் பஜார். அவர்களுக்கு மரமும் பித்தளையும் எனாமலும் நன்றாகத் தெரியும். தகரப் பொம்மையில் பிராண்டு பார்த்து விலை சொல்கிறவர் அபூர்வம், எடைக்கு வாங்குவதற்குக் கொஞ்சம் மேலே கேட்பார்கள். அதே கடைகளில் புதிதாக அச்சடித்த 'பழைய' தகரப் பொம்மைகளும் விற்கும் என்பதால், உங்கள் அசலையும் அந்த வரிசையில் சேர்த்துவிடுவார்கள்.

பிங், மெர்க்ளின், லேமான் போன்ற பழைய ஜெர்மானியப் பெயர் அடியில் இருந்தால் உள்ளூரில் விலை பேசுவதற்கு முன் இங்கிலாந்தின் வெக்டிஸ், அமெரிக்காவின் பெர்டோயா மாதிரி பொம்மை ஏல நிறுவனத்துக்குப் படங்கள் அனுப்பிக் கேட்கலாம். கமிஷனும் அனுப்பும் செலவும் கணிசமாகப் போகும். நல்ல பொருளுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும். சாதாரண ஜப்பானியத் தவளையோ கோழியோ என்றால் அவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை. அவை ஏராளமாக ஏற்றுமதியானவை. வீட்டில் இருப்பதே மரியாதை. எதுவானாலும் அசல் அட்டைப்பெட்டி கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், அது விலையைக் கணிசமாக ஏற்றும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் வயதையும் பாருங்கள். 1972-ன் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலை, கைவினைப் பொருட்கள் தொல்பொருளாகக் கருதப்படலாம். தனிநபர் அவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது. சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். 1910-ஐ ஒட்டிய பிங் இஞ்சினுக்கு இந்தக் கேள்வி வரும், 1950 ஜப்பான் காருக்கு வராது.

அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது? நியூரம்பர்க்கிலும் யோகஹாமாவிலும் இதற்கென்றே இடங்கள் இருக்கின்றன. புனேயில் குட்டி ரயில்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் உண்டு. ஆனால் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் மாடலை நீங்கள் கொண்டுபோனால் அது கிடங்குக்குத்தான் போகும். அரிய பொருள் என்று உறுதியாகத் தெரிந்தால் கேட்டுப் பாருங்கள்.

மிச்சம் இருப்பது பங்கு. ரயில் செட் என்றால் அண்ணனுக்கு இஞ்சின், தம்பிக்குப் பெட்டிகள், தங்கைக்குத் தண்டவாளம் என்று பிரிப்பது சமரசம் போலத் தெரியும். நடப்பில் மூன்று வீட்டிலும் ஓடாத துண்டுகள்தான் மிஞ்சும், செட்டாக விற்றால் கிடைக்கும் விலையும் போய்விடும். ஒருவர் முழுசாக வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணமாகவோ வேறு பாத்திரம் பண்டமாகவோ ஈடு கொடுக்கலாம். அல்லது வருடத்துக்கு ஒரு வீடு என்று கொலுவுக்குக் கொலு கைமாற்றிக்கொள்ளலாம். எந்த வழியானாலும் ஓடுகிற காட்சியை வீடியோ எடுத்து, யார் எங்கே வாங்கியது, எந்த வருடம் யார் ரிப்பேர் பார்த்தது என்று ஒரு தாளில் எழுதி, சாவியோடு சேர்த்து அதே பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.